ஈஸ்டுக்கு ‘ஒரு தேக்கரண்டி’ கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வைனும் பியரும் தயாரிப்பது குறித்து உங்கள் வார இறுதி இணைப்பில் வந்த கட்டுரையைப் பற்றியது இக்கடிதம். பாத்திரம் கழுவுவது, கிருமி நீக்குவது, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்துவது எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தன. சாற்றை நொதிக்கவைக்கும் ஈஸ்டுக்குத் தீனியாகப் போடும் ஊட்டப் பொடி பற்றிய பத்தியில்தான் மூன்று பிழைகள். எந்த வைனுக்கும் கேலனுக்கு, அதாவது நாலரை லிட்டருக்கு, ஒரு தேக்கரண்டி டிஏபி போடலாம் என்பது ஒன்று. குமிழி நின்றுவிட்டால் இன்னொரு தேக்கரண்டி போட்டு உசுப்பிவிடலாம் என்பது இரண்டு. தோட்டச் சாமான் கடையில் விற்கும் டிஏபியும் அதே சரக்குதான், விலையும் மலிவு என்பது மூன்று. மூன்றாவதுதான் ஆபத்தானது, முதலில் அதைப் பார்ப்போம்.

டிஏபி என்றால் டைஅம்மோனியம் பாஸ்பேட். ஊரில் நெல்லுக்கு அடியுரமாகப் போடுவதும் அதுவே என்பதால் பெயரைக் கேட்டதும் பலருக்குப் பழகிய பொருளாகத் தோன்றும். உர மூட்டையில் 18-46-0 என்று அச்சிட்டிருக்கும். அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) 18 சதவீதம். தூய டிஏபியில் தழைச்சத்து 21 சதவீதம். அந்த மூன்று சதவீத இடைவெளியே உரம் தூய பொருளல்ல என்பதைச் சொல்லிவிடுகிறது. பாறை பாஸ்பேட்டிலிருந்து வருவதால் காட்மியம் போன்ற கன உலோகங்களும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பயிருக்குப் போடலாம், குடிக்கிற பொருளில் போடக்கூடாது. வைன் சாமான் கடைகளில் உணவுத் தரத்தில் 100 கிராம் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது; நாலரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குடுவையான ஒரு டெமிஜானுக்குத் தேவைப்படுவதோ இரண்டரை கிராம். இதில் மிச்சம்பிடிக்க என்ன இருக்கிறது? யூரியாவையும் தொடாதீர்கள். யூரியா ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் ஆகும். அது புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கும் பொருள்.

இனி அந்த ஒரு தேக்கரண்டிக்கு வருவோம். சீனி ஈஸ்டுக்கு எரிபொருள் மட்டுமே. 5 கிராம் பொட்டலத்தில் இருக்கும் ஈஸ்ட் பல மடங்கு பெருகினால்தான் ஒரு டெமிஜான் சாறு நொதித்து முடியும். புது உயிரணுவுக்குப் புரதம் வேண்டும், புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். சாற்றில் இருக்கும் தழைச்சத்து எல்லாமும் ஈஸ்டுக்கு உதவாது. அம்மோனியமும் பெரும்பாலான அமினோ அமிலங்களும் உதவும். திராட்சையில் நிறைய இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஈஸ்டால் பயன்படுத்த முடியாது. ஆகவே ‘ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய தழைச்சத்து’ லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் பார்க்கவேண்டிய எண். திராட்சைச் சாற்றுக்கு 140 அடிமட்டம் என்பார்கள். சீனி கூடக்கூடத் தேவையும் கூடும்: 21 பிரிக்ஸ் (எடையில் 21 சதவீதம் சீனி) சாற்றுக்கு 200, 25 பிரிக்ஸுக்கு 300 என்று கணக்கு வைப்பது வழக்கம்.

ஒரு கிராம் டிஏபியை ஒரு லிட்டரில் கரைத்தால் சுமார் 210 மில்லிகிராம் தழைச்சத்து சேரும். தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்த டிஏபி 4 முதல் 5 கிராம் வரும். குவித்து எடுத்தால் இன்னும் கூடும். நாலரை லிட்டர் டெமிஜானில் அது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். ஐரோப்பிய வைன் விதிகள் ஆலைகளுக்கு அனுமதிக்கும் உச்சவரம்பே லிட்டருக்கு ஒரு கிராம்தான். கட்டுரையின் முதல் தேக்கரண்டியே அந்த வரம்பைத் தொடுகிறது, இரண்டாவது அதைத் தாண்டுகிறது. நல்ல திராட்சைச் சாற்றில் ஏற்கெனவே 200 இருந்தால் முதல் தேக்கரண்டியோடு 400 ஆகிவிடும். அப்படி ஊட்டம் மிஞ்சினால் நொதித்தல் வெறிபிடித்தாற்போல் ஓடும், சூடு ஏறும், மணம் பறந்துபோகும். ஈஸ்ட் தின்னாமல் விட்டது உப்புக் கரிப்பாக நாக்கில் நிற்கும். பிறகு வரும் கெட்ட நுண்ணுயிர்களுக்கும் அதுவே விருந்து. நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 0.1 கிராம் காட்டினால் போதும்.

எதற்கு ஊட்டம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கடையில் வாங்கும் வைன் கிட்களில் ஊட்டம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதற்கு மேல் எதுவும் சேர்க்காதீர்கள். சூப்பர்மார்க்கெட் பழச்சாற்றில் ஈஸ்டைப் பெருகவிடாத பொட்டாசியம் சோர்பேட் போட்டிருந்தால் எவ்வளவு ஊட்டம் கொட்டினாலும் அது நொதிக்காது. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்டர்பூ, டாண்டிலியன் வைன்கள் பெயருக்குத்தான் பூ வைன், உள்ளே இருப்பது சீனித் தண்ணீர். அவற்றுக்கு முழு ஊட்டமும் வெளியிலிருந்துதான் போகவேண்டும்.

பியர் வேறு கதை. மால்ட் மட்டும் போட்டுக் காய்ச்சிய, தொடக்க அடர்த்தி 1.045 அளவுள்ள (தண்ணீர் 1.000) வோர்ட்டில், அதாவது நொதிக்குமுன் உள்ள பியர்ச் சாற்றில், வேண்டிய தழைச்சத்து முளைகட்டிய பார்லியிலிருந்தே இறங்கிவிடும். அங்கே டிஏபி போடுவது வீண். குறைவது துத்தநாகம். லிட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் இருந்தாலே போதும், ஆனால் காய்ச்சும்போது பிரியும் கசடு அதைக் கட்டி எடுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுகிறது. ஆல்கஹால் உண்டாக்கும் நொதிக்கு நடுவில் துத்தநாக அணு இல்லாமல் வேலை நடக்காது. பியருக்கென்று விற்கும், துத்தநாகம் கலந்த ஊட்டத்தைக் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் பொட்டல அளவுப்படி சேருங்கள். இதைவிடப் பெரிய குறை, 1.7 கிலோ மால்ட் பாகு டின்னோடு ஒரு கிலோ சீனி போட்டு 23 லிட்டராக்கும் மலிவுக் கிட். அதில் நொதிக்கும் பொருளில் ஏறத்தாழப் பாதி வெறும் சீனி; அந்த அளவுக்குத் தழைச்சத்தும் நீர்த்துப்போகிறது. அதற்கு ஊட்டப் பொடி தேடுவதைவிடச் சீனிக்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் சாற்றுப் பொடி போடுவதே மேல். ஊட்டமும் சேரும், பியருக்கு உடம்பும் வரும்.

பாண் (ரொட்டி) செய்யும் ஈஸ்டைக் கொதியில் போட்டுக் கொன்றுவிட்டால் அதுவே ஊட்டம் என்று ஒரு பழைய கைமுறை உண்டு. தவறில்லை, ஆனால் அளவை யோசியுங்கள். 7 கிராம் உலர் ஈஸ்டில் மொத்தத் தழைச்சத்து அரை கிராம்தான். 23 லிட்டரில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராம் சொச்சம். அதிலும் பெரும்பகுதி புரதத்தில் கட்டுண்டு கிடக்கும். பியருக்கு ஒரு கைதாங்கல், தேன் வைனுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பாணில் பூசித் தின்னும் மார்மைட்டும் அப்படித்தான். இலங்கையில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கறுப்புப் போத்தலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது பிறந்ததே பியர் ஈஸ்டின் மிச்சத்திலிருந்து. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1902இல் தொடங்கியபோது அங்கிருந்த பாஸ் மதுவாலையின் கழிவு ஈஸ்ட்தான் மூலப்பொருள். இந்த நாட்டுப் பழைய வீட்டு வைன் குறிப்புகளில் கேலனுக்கு அரைத் தேக்கரண்டி மார்மைட் வருவது அதனால்தான். அமினோ அமிலமும் பி வைட்டமின்களும் தருமே தவிர, தழைச்சத்து லிட்டருக்கு 35 மில்லிகிராமைத் தாண்டாது. எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பும் அதில் இருக்கிறது; தாராளமாகப் போட்டால் வைன் ரசம் மாதிரி ஆகிவிடும்.

ஊட்டத்தின் முழுக் கணக்கும் தெரிய வேண்டுமென்றால் தேன் வைனைப் பார்க்கவேண்டும். மீட் என்று இங்கே சொல்வது. தேனில் சீனி நிறைய, தழைச்சத்தோ கரைத்தபின் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம், பல சமயம் அதுவும் இல்லை. 1.4 கிலோ தேனை நாலரை லிட்டராகக் கரைத்தால், அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.095 அருகில் நிற்கும். முடிவில் பன்னிரண்டரை சதவீத ஆல்கஹால். லால்வின் 71பி போலக் குறைவாகக் கேட்கும் ஈஸ்டுக்கே இந்த அடர்த்தியில் லிட்டருக்கு 190 மில்லிகிராம் தழைச்சத்து வரை தேவை. தேனிலிருந்து வருவதை 15 என்று வைத்துக்கொண்டால் மிச்சத்தைப் பொடியாகத்தான் தரவேண்டும். அதற்கு டெமிஜான் முழுவதற்கும் டிஏபி இரண்டரை கிராம், கலவை ஊட்டம் இரண்டேகால் கிராம் சரியாக வரும். ஃபெர்மெய்டு-கே போன்ற கலவை ஊட்டத்தில் ஈஸ்ட் சாறு, டிஏபி, தயமின் என்ற பி1 வைட்டமின் எல்லாம் இருக்கும்; ஒரு கிராமில் சுமார் 100 மில்லிகிராம் தழைச்சத்து. லிட்டருக்கு டிஏபியில் 118, கலவையில் 50, தேனில் 15: மொத்தம் 183. டிஏபி மட்டும் போட்டாலும் எண் வந்துவிடும், ஆனால் வைட்டமினும் தாதுவும் இல்லாமல் ஈஸ்ட் வெறுஞ்சோறு தின்றதுபோல் இருக்கும்.

உலர் ஈஸ்டை எழுப்பும் தண்ணீரில் மட்டும் டிஏபி போடக்கூடாது. அந்த நேரத்தில் ஈஸ்டின் மேல்தோல் இன்னும் இறுகாமல், உப்பு எது வந்தாலும் உள்ளே விட்டுவிடும் நிலையில் இருக்கும். எழுப்புவதற்கென்றே கோஃபெர்ம் என்ற ஊட்டம் தனியாக இருக்கிறது. அதில் அம்மோனிய உப்பு கிடையாது. 5 கிராம் ஈஸ்டுக்கு 6.25 கிராம், 125 மில்லி தண்ணீர். தண்ணீர் 43 பாகை செல்சியஸில் இருக்கும்போது அதைக் கரைத்து, 40க்கு இறங்கியதும் ஈஸ்டைத் தூவி, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு தேன் கரைசலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, இரண்டுக்கும் சூட்டு வித்தியாசம் பத்துப் பாகைக்குள் வந்ததும் ஊற்றலாம்.

டிஏபி, கலவை ஊட்டம் என்ற அந்தப் பொடி இரண்டையும் கலந்து நான்கு பங்கு வையுங்கள். ஈஸ்ட் போட்ட 24ஆம் மணி, 48ஆம் மணி, 72ஆம் மணி, அதன்பின் சீனியில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த நேரம். 1.095இல் தொடங்கியதற்கு அந்தக் கடைசி நேரம் 1.063. ஏழாம் நாள் அதற்கு முன்பே வந்தால் அன்றே போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டினால் ஈஸ்ட் தாறுமாறாகப் பெருகி, பிறகு பாதி வழியில் பசியோடு நிற்கும்.

இந்தக் கட்டத்தில் அடுக்களைத் தரையைத் துடைக்காதவர்கள் குறைவு. நொதிக்கும் தேன் கரைசல் முழுக்கக் கரியமில வாயு கரைந்திருக்கும். அதில் உலர்ந்த பொடியைத் தூவினால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் குமிழி கட்டி, நுரை கழுத்துவழியே பீறிட்டுக் கூரையைப் பார்க்கப் போகும். டெமிஜானின் கழுத்து ஒடுங்கியது, அதனால் வேகம் இன்னும் கூடும். முதலில் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, கிருமி நீக்கிய நீண்ட கரண்டியின் காம்பால் மெதுவாகக் கலக்குங்கள். நுரை எழும்பும், நிறுத்துங்கள். அடங்கும், மறுபடி கலக்குங்கள். சலசலப்பு ஓய்ந்தபின், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வைத்த பொடியை ஓரமாக ஊற்றுங்கள். முதல் மூன்று நாளும் இப்படிக் கலக்கும்போது உள்ளே போகும் காற்றும் ஊட்டத்தில் ஒரு பகுதிதான். தோலுக்கு வேண்டிய ஸ்டீரால் என்ற கொழுப்பை ஆக்சிஜன் இல்லாமல் ஈஸ்டால் செய்யமுடியாது. மூன்றில் ஒரு பங்கு தாண்டியபின் காற்றுப் படவிடாதீர்கள்.

தேனில் பொட்டாசியமும் குறைவு, புளிப்பைத் தாங்கும் திறனும் குறைவு. புளிப்பைக் காட்டும் எண்ணான பிஎச் (குறையக் குறையப் புளிப்பு) 3க்குக் கீழே சரிந்தால் ஊட்டம் எவ்வளவு இருந்தாலும் ஈஸ்ட் சுணங்கும். டெமிஜானுக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் போட்டு, கலக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இதுவும் பொங்கும்.

தயமினுக்கு ஒரு எதிரி உண்டு: சாற்றில் கிருமியைக் கொல்லப் போடும் கேம்ப்டன் மாத்திரை. அதிலிருந்து வரும் சல்ஃபைட் தயமினை உடைத்துவிடும். மாத்திரை போட்ட சாற்றை 24 மணி நேரம் மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, பிறகு ஈஸ்ட், அதற்கும் பிறகே ஊட்டம். இந்த வரிசை மாறினால் காசு கொடுத்து வாங்கிய வைட்டமின் சல்ஃபைட்டுக்குத்தான் போகும்.

அழுகிய முட்டை நாற்றத்துக்குக் கட்டுரை ஈஸ்டைக் குறை சொன்னது. பெரும்பாலும் குற்றம் நம்முடையதே. ஈஸ்ட் தனக்கு வேண்டிய கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் செய்ய, சாற்றிலுள்ள சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றும். அந்தச் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு தழைச்சத்திலிருந்து வருவது. தழைச்சத்து இல்லையென்றால் பிடிக்க ஆளில்லை, சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே கசியும். முதல் நான்கைந்து நாளில் மூக்கில் பட்டால் ஒரு பங்கு ஊட்டத்தைப் போட்டுக் கலக்குங்கள், ஓரிரு நாளில் போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் மேலும் டிஏபி போடாதீர்கள். பேன்டோதெனிக் அமிலம் என்ற வைட்டமின் குறைந்தாலும் இதே நாற்றம் வரும். அங்கே டிஏபி சேர்த்தால் நாற்றம் கூடத்தான் செய்யும். அப்போது ஃபெர்மெய்டு-ஓ போல ஈஸ்டிலிருந்து மட்டும் செய்த ஊட்டம் ஒரு கிராம் பலன் தரலாம். திராட்சைக் கொடியில் தூவிய கந்தகம் தோலில் ஒட்டி வந்திருந்தாலும் நாறும்; அதற்கு ஊட்டம் மருந்தல்ல.

நின்றுபோன வைனுக்கு ஊட்டம் போடுவதுதான் கட்டுரை சொன்ன யோசனைகளில் அதிகம் பேர் நம்புவது. முதலில் குமிழியை நம்பாதீர்கள். வாளியின் மூடி கசிந்தாலும் ஏர்லாக் அசையாது. ஹைட்ரோமீட்டரை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை பாருங்கள். ஒளி வளைவதை வைத்துச் சீனியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆல்கஹால் கலந்தபின் பொய் சொல்லும். எண் உண்மையிலேயே அசையவில்லை என்றால் அறைச் சூட்டைப் பாருங்கள். ஜனவரியில் ஹீட்டிங் அணைத்த அடுக்களையில் 13 பாகையில் தூங்கும் ஈஸ்ட், டெமிஜானை 20 பாகைக்குக் கொண்டுபோனாலே எழுந்துவிடுவதுண்டு. அப்படியும் எழாத சரக்குக்கு டிஏபி உதவாததற்குக் காரணம் இருக்கிறது. 1.095இல் தொடங்கியது 1.025க்கு வந்திருந்தால் ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தொட்டிருக்கும். அமினோ அமிலம் உள்ளே வரும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியையும் கூட்டிக்கொண்டு வரும். ஆல்கஹால் ஏறிய இடத்தில் தோல் ஏற்கெனவே ஒழுகுவதால், உள்ளே வரும் அயனிகளை வெளியே தள்ளி முடியாமல் ஈஸ்ட் வாசலையே அடைத்துவிடும். அப்புறம் போடும் டிஏபி தின்ன ஆளில்லாமல் குவளை வரை வந்து சேரும்.

அப்படி நின்றதற்குச் செய்யக்கூடியது வேறு. டெமிஜானுக்கு ஒரு கிராம் ஈஸ்ட் கூடு (உள்ளீடு நீக்கிய ஈஸ்டின் வெறும் தோல்) போட்டுக் கலக்கி இரண்டு நாள் வைத்து, அடிமண்டி கலங்காமல் வேறு டெமிஜானுக்கு இறக்குங்கள். ஈஸ்டே தன்னைத் திணறடிக்க உண்டாக்கும் சில கொழுப்பு அமிலங்களை அந்தக் கூடு ஒட்டி எடுத்துவிடும். பிறகு ஈசி-1118 போன்ற முரட்டு ஈஸ்ட் 5 கிராமை மேலே சொன்னபடி எழுப்பி, நின்ற வைனில் அரைக் கிண்ணம் ஊற்றி, அது குமிழிவிடத் தொடங்கியதும் அதே அளவு மறுபடி, அது குமிழிவிட்டதும் இரட்டிப்பு என்று ஊற்றிக்கொண்டே போங்கள். வைனில் ஈஸ்டைப் போடக்கூடாது, ஈஸ்டில்தான் வைனை ஊற்றவேண்டும்.

ஊட்டத்தை வேண்டுமென்றே பறிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பிரான்சில் நார்மண்டி, பிரிட்டனி பக்கத்தில் சைடர் என்ற ஆப்பிள் மது செய்பவர்கள் ஆப்பிள் சாற்றைக் கூழாக்கும் பெக்டினைக் கால்சியத்தோடு கட்டியாகத் திரளவிடுவார்கள். அந்தக் கட்டி மேலே மிதந்து வரும்போது ஈஸ்டையும் ஊட்டத்தையும் கூடவே இழுத்துக்கொள்ளும். கீழே தெளிந்த சாறு பட்டினியில் மாதக்கணக்கில் மெல்ல நொதித்து, இனிப்பு மிச்சமிருக்கும்போதே ஓய்ந்துவிடும். அந்தச் சைடரில் ஒரு தேக்கரண்டி டிஏபி விழுந்தால் வேலை கெட்டது.

சட்டம் பற்றி ஒரு வரி. பிரிட்டனில் வீட்டில் பியர் தயாரிக்க இருந்த உரிமத்தை 1963இலேயே எடுத்துவிட்டார்கள். சொந்தக் குடிப்புக்குத் தடையில்லை, விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. உங்கள் பத்திரிகையை இணையத்தில் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இது பொருந்தாது; 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கட்டுரை இதைச் சொல்லியிருக்கவேண்டும்.

அடுத்த வாரமே திருத்தம் வெளியிட்டால் நல்லது. கோடைப் பழம் இறங்கும் நேரம் இது. ஊட்டப் பொடியை வாங்கி வைப்பவர்கள் காற்றுப்புகா டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, அடுக்களை அலமாரிக்கு வெளியே வையுங்கள். ஈஸ்ட் சாறு கலந்தது ஈரம்பட்டால் கட்டிதட்டும். டிஏபியோ பார்வைக்கு அப்படியே கல்லுப்பு.

இப்படிக்கு,
வாசகர், ஹாரோ, லண்டன்